பத்துப் பேரோடு இருபத்திரண்டு நிமிடம்

போன மாதம் அபி தொலைபேசியில் அழைத்தாள். கிழக்கு லண்டனின் பார்க்கிங் பகுதியில் நான் பதினாறு வருடம் பிசியோவாக இருந்த உதைபந்தாட்டக் கழகத்தில் இப்போது என் வேலையைச் செய்பவள் அவள்.

"அங்கிள், விசயம் தெரியுமா? இந்த சீசனிலை இருந்து எங்கட லீக்கிலையும் தலையிலை அடிபட்டா அவருக்குப் பதிலா எக்ஸ்ட்ரா சப் விடலாம். மூண்டு சப்பும் முடிஞ்சிருந்தாலும் பரவாயில்லை. இனி மனேஜரோடை சண்டை பிடிக்கத் தேவையில்லை."

"நல்ல விசயம் பிள்ளை."

"நீங்கள் அந்தப் பெரிய மட்ச்சிலை சண்டை பிடிச்சனீங்களாம் எண்டு இஞ்ச இன்னும் கதைக்கினம். உண்மையிலை என்ன நடந்தது?"

அந்த ஆட்டத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை உலாவுவது எனக்கும் தெரியும். மனேஜர் என் மருந்துப் பையைத் தூக்கி எறிந்தார், நான் மைதானத்தில் நின்று அழுதேன், நடுவர் எங்கள் இருவரையும் விலக்கிவிட்டார் என்றெல்லாம். ஒன்றும் உண்மையில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். ஆனால் ஸ்தோயனைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது. ஸ்தோயன்தான் அந்த மனேஜர், பல்கேரியர், என் காலத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த தடுப்பாளர்.

அதற்கு முந்திய என் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் இடதுபக்கம் ஆடினேன்; பெரிய கெட்டிக்காரன் இல்லை. இருபத்தொரு வயதில் அகதியாக ஜேர்மனிக்குப் போனேன். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி இருத்துகிற வேலை. என் கைகளைக் கவனித்த தலைமைத் தாதி, அவராகவே விண்ணப்பம் நிரப்பி என்னைப் பிசியோதெரபி படிக்க அனுப்பினார். மூன்று வருடம் எலும்புகளின் பெயர்களை லத்தீனிலும் விளக்கங்களை ஜேர்மனிலும் மனப்பாடம் செய்தேன். பிறகு வேலை, பிரஜாவுரிமை, கல்யாணம், இரண்டு மகள்கள். மனைவி சாந்தியின் சகோதரங்கள் எல்லோரும் லண்டனில் இருந்ததால் நாங்களும் இங்கே வந்தோம். என் சான்றிதழை இங்கே ஏற்றுக்கொள்ள ஒன்றரை வருடம் எடுத்தது. அதுவரை ஹவுன்ஸ்லோவில் இருந்துகொண்டு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றினேன். பின்னர் கிழக்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. பார்க்கிங்கில் வீடு எடுத்தோம். வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மைதானம். அதன் வாசலில் ஒரு நாள் 'பிசியோ தேவை' என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். சனிக்கிழமை ஆட்டம், வாரத்தில் இரண்டு நாள் மாலையில் பயிற்சி. ஆஸ்பத்திரி வேலையோடு அதையும் பார்க்கலாம் என்று உள்ளே போனேன்.

ஸ்தோயன் அப்போது ஆட்டக்காரரும் மனேஜருமாக இருந்தார். வயது முப்பத்தாறு. ஆறடி மூன்று அங்குலம். நெற்றியில் பழைய தையல் தழும்புகள். வார நாட்களில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை செய்தார். எங்கள் கழகத்தில் எல்லோருமே அப்படித்தான். வேறு தொழில் செய்துகொண்டு ஆடுகிறவர்கள். ஸ்தோயன் என் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, உடனே இங்கிலீசை விட்டு ஜேர்மனுக்கு மாறினார். அவரும் ஜேர்மனியில் கீழ்ப் பிரிவுக் கழகங்களில் ஏழு வருடம் ஆடியவர். அன்றிலிருந்து எங்கள் இருவருக்குள்ளும் ஜேர்மன்தான். அவர் சொன்னதெல்லாம் என் ஞாபகத்தில் எங்கள் ஊர்ப் பேச்சாகவே பதிந்து கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

நேர்முகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காற்சட்டையை மடித்து, வலது முழங்காலை மேசையில் தூக்கி வைத்தார்.

"இதுக்கு என்ன எண்டு சொல்லும் பாப்பம்."

பத்து நிமிடம் அழுத்திப் பார்த்தேன். உள்பக்கக் குருத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இரண்டு சீசனுக்கு மேல் தாங்காது என்று சொன்னேன். அவர் காற்சட்டையை இறக்கிவிட்டார்.

"அப்ப சனிக்கிழமை வரட்டோ?" என்று கேட்டேன்.

தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். சரி, உண்மையைச் சொன்னது பிடிக்கவில்லை என்று நினைத்து, நன்றி சொல்லிவிட்டு வெளியே நடந்தேன். பஸ் நிறுத்தம் தாண்டும்போது பின்னால் யாரோ நொண்டி நொண்டி ஓடிவரும் சத்தம்.

"எங்கை போறீர்?"

"நீர்தானே இல்லை எண்டீர்?"

"நான் ஓம் எண்டெல்லோ சொன்னனான்!"

பல்கேரியாவில் ஓம் என்பதற்குத்தான் அப்படித் தலையை ஆட்டுவார்களாம். நான் சிரித்துக்கொண்டு எங்கள் முறையில் தலையைச் சரித்து ஆட்டினேன். "இது என்ன, ஓமோ இல்லையோ?" என்று கேட்டார். இனிமேல் தலையை நம்புவதில்லை, எதையும் வாயால்தான் சொல்வது என்று அந்தத் தெருவோரத்திலேயே முடிவெடுத்தோம்.

ஸ்தோயன் பயிற்சி கொடுக்கும் முறை வேறு எவரிடமும் நான் பார்க்காதது. சாரம் கட்டும் கயிறு ஒன்று கொண்டுவருவார். பின்வரிசைத் தடுப்பாளர் நால்வரின் இடுப்பிலும் அந்த ஒரே கயிற்றைக் கட்டுவார், ஆளுக்கு ஆள் எட்டு அடி இடைவெளி விட்டு. பந்து கிடையாது. அவர் விரலை வாயில் வைத்து ஒரு தரம் விசிலடித்தால் நால்வரும் முன்னால் வர வேண்டும். இரண்டு தரம் அடித்தால் பின்னால் போக வேண்டும். ஒருவன் தாமதித்தால் கயிறு மற்ற மூவரையும் இழுக்கும். முதல் கிழமை எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் கிழமை கயிறு தளரவும் இல்லை, இறுகவும் இல்லை. அவிழ்த்துவிட்ட பிறகும் நால்வரும் கட்டியிருந்தது போலவே நகர்ந்தார்கள். அந்த சீசனில் எங்களுக்கு எதிராகக் கோல் அடிப்பது பெரிய பாடாகிவிட்டது. ஆட்டம் நடக்கும்போது ஸ்தோயன் கத்தமாட்டார். தவறு செய்தவனைத் திட்டவும் மாட்டார். ஆட்டம் முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு தவறு நடந்த அதே இடத்துக்குப் போய், அவன் நின்ற இடத்தில் தான் நின்று காட்டுவார். பிறகு நிற்க வேண்டிய இடத்துக்கு நடந்து போய் நிற்பார். பெரும்பாலும் அது இரண்டு எட்டு நடைதான் இருக்கும்.

நான் சொன்னபடியே இரண்டாவது சீசனில் முழங்கால் கைவிட்டது. ஒரு சனிக்கிழமை மதியம், ஆட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னர், உடைமாற்றும் அறையில் ஒரு பூட்சைக் கட்டிவிட்டு மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். முழங்காலில் நீர் கட்டியிருந்தது.

"ஒரு ஊசி போட்டா?"

"ஊசி போட்டா நோவு தெரியாது. முழங்கால் அப்பிடியேதான் இருக்கும்."

"இன்னும் எத்தினை மட்ச் விளையாடலாம்?"

"ஒண்டும் இல்லை, ஸ்தோயன்."

கையிலிருந்த பூட்சைக் கீழே வைத்தார். பிறகு கட்டிய பூட்சின் கயிற்றை அவிழ்த்தார். ஐந்தாம் இலக்கச் சட்டையைக் கழற்றி, பக்கத்தில் இருந்த டேரனிடம் கொடுத்தார். டேரன் தபால்காரன், பக்கத்து ஊரான டாகனத்துக்காரன், ஸ்தோயனுக்கு அருகில் ஆடி ஆடியே வளர்ந்த தடுப்பாளன். "உனக்கு அளவாயிருக்கும்" என்று மட்டும் சொன்னார். சாரம் கட்டும்போது போடும் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கோட்டோரம் போய் நின்றார். அன்று முழுவதும், பந்து உயரமாக வந்த ஒவ்வொரு தரமும் அவருடைய கழுத்து தானாக எக்கி அசைந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"இண்டைக்கு என்னையே வெளியிலை இருத்திப்போட்டீர். இனி நீர் ஆரையும் இருத்தலாம். உள்ளை போய்ப் பாத்துட்டு நீர் ஏலாது எண்டா ஏலாதுதான். என்னட்டைக் கேக்கத் தேவையில்லை."

மூன்று வருடம் அந்தச் சொல் ஒரு நாளும் சோதிக்கப்படவில்லை.

நான்காம் வருடம் அந்த ஆட்டம் வந்தது. சீசனின் கடைசிச் சனிக்கிழமை, எங்கள் மைதானம். வென்றால் நாங்கள் மேல் பிரிவுக்குப் போவோம். சமநிலை என்றால்கூட எதிரணிதான் போகும். கழகம் தொடங்கிய காலம் முதல் அந்தப் பிரிவுக்குப் போனதே இல்லை. சாந்திகூட அன்று வந்திருந்தாள், முதல் தடவையாக. இடைவேளைக்கு முன் நாங்கள் ஒரு கோல் அடித்தோம். அடித்தவன் சாமுவேல், எங்கள் நடுக்களக்காரன். அறுபதாவது நிமிடத்துக்குள் மூன்று மாற்று ஆட்களும் இறங்கிவிட்டார்கள். அதில் ஒருவரை மாற்றச் சொன்னது நான்தான். அவனுக்குத் தொடைத் தசை இழுத்துவிட்டது.

அறுபத்தெட்டாவது நிமிடம் எதிரணிக்கு ஒரு கோர்னர். எங்கள் கப்டன் டேரனும் அவர்களுடைய முன்னணிக்காரன் ஒருவனும் ஒரே பந்துக்கு எழும்பினார்கள். பலகையில் சுத்தியல் பட்டது போல ஒரு சத்தம். மற்றவன் தலையைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டான். டேரன் எழும்பவில்லை. நடுவர் என்னைக் கூப்பிடும்போது நான் பாதி வழியில் ஓடிக்கொண்டிருந்தேன்.

இப்படியான நேரத்தில் நான் செய்வது எப்போதும் ஒரே ஒழுங்கு. ஆளின் தலைமாட்டில் முழந்தாளிட்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் தலையை இரு பக்கமும் பிடித்துக்கொள்வேன். "தலையை ஆட்டாதை. வாயாலை சொல்லு." கழுத்தில் நோவு உண்டா? விரல்கள் விறைக்கிறதா? கால் விரலை அசை. அதெல்லாம் சரி என்றால்தான் இருத்துவேன். பிறகு ஐந்து கேள்வி. இது எந்த மைதானம்? முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசியாக யார் கோல் அடித்தது? போன கிழமை யாரோடு ஆடினோம்? வென்றோமா?

டேரன் ஐந்துக்கும் சரியாகப் பதில் சொன்னான். கண்மணிகள் இரண்டும் ஒரே அளவு. தானாகவே எழும்பி நின்றான். சனம் கை தட்டியது.

"இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு, டொக்?" என்று கேட்டான். நான் டொக்டர் இல்லை என்று எத்தனை தரம் சொல்லியும் அங்கே எல்லோருக்கும் நான் டொக்தான்.

"இருபத்திரண்டு நிமிசம்."

காலுறையை இழுத்துவிட்டான். நிமிர்ந்தான்.

"இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு, டொக்?"

சொன்னேன். கப்டன் பட்டியைச் சரி செய்தான். என்னைப் பார்த்தான். அதே குரல், அதே சொற்கள்.

"இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு, டொக்?"

ஐந்து கேள்விகளும் பழைய ஞாபகத்தைத்தான் கேட்கின்றன. புதிதாக ஒன்றை வாங்கி வைக்க அவன் தலையால் முடியவில்லை. அப்படியான தலையில் இன்னொரு அடி பட்டால் உயிருக்கே ஆபத்து. அவன் மூன்று தரம் கேட்டதை அந்த மைதானத்தில் என்னைத் தவிர வேறு ஒருவரும் கேட்கவில்லை.

கோட்டோரம் திரும்பி, ஆளை வெளியே எடுக்கும் சைகை காட்டினேன். பார்வையாளர் மேடையிலிருந்து ஒரு பெரிய கூச்சல். கழகத் தலைவர் எழும்பி நின்று, "சப் இல்லை, சப் இல்லை" என்று கத்தினார். ஸ்தோயன் கோடு வரை வந்தார்.

"யோகன், ஆள் நல்லாத்தானே நிக்கிறான்?"

"நிக்கிறான். ஒரே கேள்வியை மூண்டு தரம் கேட்டுப்போட்டான்."

"மற்றக் கேள்வியளுக்கு?"

"எல்லாம் சரியாச் சொன்னவன்."

"ஆளில்லை எண்டு உமக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

நடுவர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். ஸ்தோயன் இன்னொரு தரம் கேட்டார். "வடிவா யோசிச்சுச் சொல்லும். ஏலுமோ, ஏலாதோ?"

"ஏலாது."

அவர் நடுவரிடம் கேட்டுவிட்டு உள்ளே நடந்து வந்தார். டேரன் தன் மார்பில் கை வைத்து, "எனக்கு ஒண்டும் இல்லை, பாஸ். அந்த ஆளின்ரை கதையை விடுங்கோ" என்று என்னைத் தள்ளினான். ஸ்தோயன் அவன் கையிலிருந்த பட்டியைக் கழற்றினார். அதைச் சாமுவேலின் கையில் மாட்டி, அவனைப் பின்வரிசையில் டேரனின் இடத்துக்கு அனுப்பினார். டேரன் அழுதுகொண்டு என்னோடு வந்தான். வரும் வழியில் எங்கள் ஆட்களே என்னைப் பார்த்துக் கத்தினார்கள். சாந்தி இரண்டாவது வரிசையில் இருந்தாள். அவர்கள் கத்திய சொற்கள் அவளுக்கும் விளங்கியிருக்கும்.

தலையில் அடிபட்டவனைத் தனியே விடக் கூடாது. ஆகவே அந்த இருபத்திரண்டு நிமிடத்தை நான் பார்க்கவில்லை. உடைமாற்றும் அறையில் டேரனுக்கு எதிரே இருந்தேன். அம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று. அவன் ஒரு தரம் வாந்தி எடுத்தான். நிமிடத்துக்கு ஒரு தரம் நேரம் கேட்டான். ஒவ்வொரு தரமும் சொன்னேன். ஸ்தோயன் வாயால் அடிக்கும் விசில் சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டே இருந்தது. பத்துப் பேரும் அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள் என்று தெரிந்தது. இன்னும் மூன்று நிமிடம் இருக்கும்போது ஒரு சத்தம் வந்தது. வருடக்கணக்கில் மைதானச் சத்தம் கேட்டவனுக்கு அது விளங்கும். நிறையப் பேரின் சத்தம் இல்லை அது. கொஞ்சப் பேரின் பெரிய சத்தம். எதிரணியோடு பஸ்ஸில் வந்த ஆட்கள்.

டேரன் நிமிர்ந்து பார்த்தான். "நாங்கள் அடிச்சிட்டமோ?" என்று கேட்டான்.

பிறகு சொன்னார்கள்: உயரமாக வந்த பந்து, சாமுவேலின் தலைக்கு மேலால் போனதாம். அந்த இடம் டேரனுடைய இடம். ஒன்றுக்கு ஒன்று. அவர்கள் மேலே போனார்கள்.

மாலை ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். இரத்தக்கசிவு இல்லை, ஒன்றும் இல்லை. மூளை அதிர்ச்சிதான், மூன்று கிழமை ஓய்வு என்று டொக்டர் சொன்னார். டேரனின் மனைவி என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். டேரன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் சாந்தி தேத்தண்ணி தந்துவிட்டு எதிரே இருந்தாள்.

"என்னப்பா, ஸ்கானிலை ஒண்டும் இல்லையாமே?"

"ஓம்."

"அப்ப விட்டிருக்கலாமோ?"

"இன்னொரு அடி பட்டிருந்தா?"

"படாமலும் விட்டிருக்கலாம்தானே."

"ஓம். படாமலும் விட்டிருக்கலாம்" என்றேன். அவளிடம் நான் பொய் சொல்வதில்லை. ஆனால் அன்று இரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன் என்பதையும் எழுத வேண்டும். என் வேலையில் சரி என்பது பிறகு வருகிற ஸ்கானைப் பொறுத்தது இல்லை. அந்த நிமிடத்தில் எனக்கு என்ன தெரிந்தது, அதற்கு நான் என்ன செய்தேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் பழகியது அது.

ஸ்தோயன் பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் கழக மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். தலைவர் டைல்ஸ் கடைக்காரர், நல்ல மனிதர், அன்று கோபத்தில் இருந்தார். "ஆள் ஐஞ்சு கேள்விக்கும் சரியாப் பதில் சொன்னவன். ஸ்கானிலையும் ஒண்டும் இல்லை. இந்த மனிசன் எங்கட சீசனை முடிச்சுப்போட்டார். எங்களுக்கு வேறை பிசியோ வேணும்" என்றார்.

ஸ்தோயன் எழும்பினார். அவருடைய இங்கிலீஷ் எப்போதும் கட்டையானது.

"ஆளை வெளியிலை எடுத்தது நான். நடுவரின்ரை அறிக்கையிலையும் என்ரை பேர்தான் கிடக்கு. பிசியோ போறதெண்டா நானும் போறன். இப்பவே சொல்லுங்கோ, சாமான் எடுக்க வேணும்."

தலைவர் அடுத்த தாளைப் புரட்டினார். கூட்டம் வேறு விசயத்துக்குப் போய்விட்டது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்கு உம்மிலை இன்னும் கோவம்தான்" என்றார்.

"தெரியும்."

"உம்மட்டை ரெண்டாம் தரமும் கேட்டனான், ஞாபகம் கிடக்கோ? நீர் கொஞ்சம் தடுமாறுவீர் எண்டு நினைச்சுத்தான் கேட்டனான். தடுமாறியிருந்தா அவனை விட்டிருப்பன்."

அவர் கைப்பேசியை எடுத்து ஒரு படம் காட்டினார். பழைய படத்தைப் படம் பிடித்தது. இருபத்திரண்டு வயது ஸ்தோயன் ஒரு கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறார், நெற்றியில் கட்டு, வாய் நிறையச் சிரிப்பு.

"எங்கட ஊரிலை வெண்டது. அரை மணித்தியாலத்திலை தலையிலை அடி. முழு மட்ச்சும் விளையாடினனான். நான்தான் நல்லா விளையாடினதாம், எல்லாரும் சொல்லுகினம். எனக்கு அந்த நாளே இல்லை, யோகன். காலைமை பஸ்ஸிலை ஏறினது தெரியும். அடுத்த நாள் அம்மா சூப் தந்தது தெரியும். நடுவிலை ஒண்டும் இல்லை." கைப்பேசியைப் பைக்குள் வைத்தார். "இது தெரிஞ்ச நான்தான் உம்மட்டை ரெண்டாம் தரம் கேட்டனான்."

அவர் முகத்தில் வெட்கம் இருந்தது. அவரோடு வேலை செய்த காலம் முழுவதிலும் அன்று ஒரு நாள்தான் அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

அடுத்த சீசன் முடிவில் நாங்கள் மேல் பிரிவுக்குப் போனோம். அங்கே மூன்று வருடம் நின்றோம். ஸ்தோயன் பிறகு பல்கேரியா திரும்பி, தான் ஆடத் தொடங்கிய ஊர்க் கழகத்துக்கே மனேஜராகப் போனார். இப்போதும் அங்கேதான். சாரம் கட்டுவதை விட்டுவிட்டார், கயிற்றை விடவில்லை. நான் இந்த வருடம் ஓய்வு பெற்றேன்.

டேரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அந்தக் கோடையிலேயே கழகத்தை விட்டுப் போய்விட்டான். "டொக்டர் ஆள் தெரிவு செய்யிற டீமிலை நான் விளையாட மாட்டன்" என்று எல்லோரிடமும் சொன்னானாம். அதே பிரிவில் வேறொரு கழகத்தில் சேர்ந்தான். அடுத்த பெப்ரவரியில் அவர்களோடு எங்கள் மைதானத்துக்கு வந்தான், கப்டனாக. எனக்கு முகம் கொடுக்கவில்லை. அவர்களுடைய பிசியோ அன்று சுகமில்லாமல் வராததால், இரண்டு அணிக்கும் நான்தான் என்று நடுவர் சொல்லியிருந்தார்.

இரண்டாம் பாதியில் அவனுடைய கோல்காப்பாளனே பந்தைக் குத்த வந்து அவன் காதடியில் குத்திவிட்டான். டேரன் விழுந்தான். நான் பையை எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கினேன். பாதித் தூரம் போவதற்குள் அவன் எழும்பி இருந்துகொண்டு, ஒரு கையை நேரே மேலே தூக்கினான். அவன் மனேஜர் கோட்டோரம் நின்று கத்தினார்: "டேரன், ஒண்டும் இல்லை, எழும்பு, கொஞ்சம் ஓடிப் பார்!"

நான் முழந்தாளிட்டு அவன் தலையைப் பிடித்தேன். முதல் கேள்விக்கு வாய் திறந்தேன்.

"கேக்காதை டொக். கோல் கம்பம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. என்னை வெளியிலை எடு."

மனேஜர் மறுபடியும் கத்தினார். டேரன் அவருக்குத் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. பிறகு என் தோளில் கையைப் போட்டான். தொண்ணூறு கிலோ ஆள், முழுப் பாரத்தையும் என் மீது போட்டுக்கொண்டு மெதுவாக நடந்தான். கோட்டுக்கு வந்தபோது எங்கள் பெஞ்ச்தான் கிட்ட இருந்தது. அதிலேயே இருத்தினேன். பெப்ரவரிக் குளிரில் அவனுக்கு உடம்பு நடுங்கியது. ஸ்தோயன் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல், போட்டிருந்த தடித்த ஜாக்கெட்டைக் கழற்றி அவன் தோளைச் சுற்றிப் போட்டுவிட்டார்.